எதுவரைக்கும், கர்த்தாவே? துன்ப நேரத்தில் சங்கீதத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்க ஒரு வழிகாட்டி

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த 19 நாளும் எனக்கு ஜெபமே வரவில்லை. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். ஐசியூ வாசலில் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினால், "ஆண்டவரே" என்பதோடு நின்றுவிடும். அதற்கடுத்த வார்த்தை கிடையாது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அம்மா தன் பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து நீட்டினாள். "படிக்க வரலேன்னா விடுட்டி. மடியில வச்சிக்கோ, போதும்" என்றாள்.

அது சங்கீதம் 13 (வேதத்திலுள்ள ஜெபப் பாட்டுகளில் ஒன்று) இருக்கும் பக்கத்தில் தானாகத் திறந்தது. பக்கத்து வெள்ளைப் பகுதியில் பென்சிலால் நான்கு தேதிகள். எதற்கு என்று எந்தக் குறிப்பும் இல்லை. அம்மாவிடம் கேட்கவும் தோன்றவில்லை.

புதிதாக விசுவாசத்துக்கு வந்து முதல் பெரிய அடியை வாங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிறந்ததிலிருந்தே சபையில் வளர்ந்தும், அடி விழுந்த அன்றைக்கு வாயடைத்துப்போன என்னைப் போன்றவர்களுக்கும் உதவலாம். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஆறுதல் கிடைக்க வேண்டுமென்றால் முதலில் முறையிட வேண்டும். "ஸ்தோத்திரம், எல்லாம் நன்மைக்கே" என்று ஆரம்பிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. சங்கீதப் புத்தகத்தில் உள்ள 150 பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். ஏன், எதுவரைக்கும், எங்கே போனீர் என்று கடவுளிடமே கேட்கிற பாட்டுகள். அவற்றை ஒருவரும் வெட்டி எறியவில்லை. வேதத்தின் நடுப்பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

முதலில் சாப்பிடுங்கள்

இதைத்தான் முதல் படியாகச் சொல்வேன். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா என்ற தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு நாள் பயணம் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்கிறார். என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். கர்மேல் மலையில் ஊரே பார்க்க ஜெயித்த மனிதர் அவர். அதற்குக் கடவுளிடமிருந்து வந்த பதில் பிரசங்கமும் இல்லை, கண்டிப்பும் இல்லை. தூங்க விடுகிறார். தூதன் வந்து தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துவிடுகிறார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. பேச்சு அதற்கப்புறம்தான், அதுவும் 40 நாள் கழித்து, மலையில்.

அதனால் துக்க வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ இருக்கிறவர்கள் முதல் சில நாள் "நான் சரியாக ஜெபிக்கவில்லையே" என்று தங்களை வதைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். துணைக்கு இன்னொருவரை உட்கார வைத்துவிட்டு நான்கு மணி நேரம் தூங்குங்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு உபவாசத்தை நான் சொல்ல மாட்டேன், சர்க்கரை நோயாளிக்குச் சொல்லவே மாட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை விசுவாசத்தின் பேரில் நிறுத்தாதீர்கள். மனநல மாத்திரைக்கும் இது பொருந்தும்.

எலியாவைப் போல "போதும்" என்று உங்களுக்கும் தோன்றி, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துபோனால் அதை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்கள் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்படி வாய்விட்டுச் சொன்ன எலியாவை வேதம் எங்கேயும் குறை சொல்லவில்லை.

எங்கே திறப்பது

ஆதியாகமத்திலிருந்து வாசித்துக்கொண்டு வர இது நேரமில்லை. வேதாகமத்தை நடுவில் பிரித்தால் பெரும்பாலும் சங்கீதம்தான் வரும். கத்தோலிக்கர்கள் கையில் இருக்கும் திருவிவிலியத்தில் இதற்குத் திருப்பாடல்கள் என்று பெயர். பழைய கத்தோலிக்கப் பதிப்போ ஜெபப் புத்தகமோ வைத்திருந்தால் எண் ஒன்று குறைவாக இருக்கலாம். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்ற 23ஆம் சங்கீதம் அங்கே 22ஆக இருக்கும். லத்தீன் பதிப்பின் எண் வரிசையைப் பின்பற்றியதால் வந்த வித்தியாசம் அது, பாட்டு ஒன்றுதான்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் முதலில் தடுக்கும். சங்கீதம் 56இல் "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்று ஒரு வரி. துருத்தி என்றால் எனக்குக் கொல்லன் பட்டறைதான் ஞாபகம் வரும். கண்ணீரை நெருப்பு ஊதுகிற துருத்தியில் எதற்கு வைப்பது என்று சின்ன வயதில் குழம்பியிருக்கிறேன். இங்கே துருத்தி என்பது தண்ணீரோ திராட்சரசமோ ஊற்றி வைக்கும் தோல்பை. வறண்ட நாட்டில் ஒரு சொட்டும் சிந்தாமல் சேர்த்து வைக்கிற பாத்திரம். அது தெரிந்த பிறகு அந்த வரியை என்னால் வேகமாக வாசித்துக் கடக்க முடிந்ததில்லை. ஆகவே ஒரு சொல் புரியவில்லை என்றால் எளிய மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனிலேயே இருக்கிறது.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன்: கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து விரல் வைப்பது, வாக்குத்தத்த வசனங்கள் அச்சிட்ட அட்டைப் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி அதுதான் பதில் என்று எடுத்துக்கொள்வது. புது வருஷ ஆராதனைக்கு அது நன்றாக இருக்கும். உயிருக்குப் போராடுகிறவரின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று அட்டை எடுத்து, "சாகாமல் பிழைத்திருப்பாய்" என்று வந்ததை நம்பி, பிறகு உடைந்துபோன குடும்பத்தை எனக்குத் தெரியும். வேதம் பொய் சொல்லவில்லை. சீட்டுக் குலுக்குவது போல அதைக் குலுக்கியதுதான் தவறு.

ஆரம்பிக்க இவை போதும்: 13, 6, 42, 130, 23. ஒரு நாளைக்கு ஒன்று. ஒரு வாரம் முழுக்க ஒன்றையே வாசித்தாலும் சரிதான்.

பதின்மூன்றை மெதுவாக வாசித்துப் பாருங்கள்

மொத்தமே ஆறு வசனம். சத்தமாக வாசித்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதனால்தான் இதை முதலில் கொடுக்கிறேன்.

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" என்று தொடங்குகிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" நான்கு தடவை வருகிறது. வாசிக்கும்போது விரலை மடக்கி எண்ணுங்கள். கேள்விகள் எந்த வரிசையில் வருகின்றன என்பதையும் கவனியுங்கள். முதல் இரண்டும் கடவுளைப் பற்றி: மறந்துவிட்டீர், முகத்தை மறைத்துவிட்டீர். மூன்றாவது தன்னைப் பற்றி: மனதுக்குள்ளேயே யோசித்து யோசித்துச் சஞ்சலப்படுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடுவோமே, அதேதான். நான்காவது எதிரியைப் பற்றி. நம்மில் பலருக்கு எதிரி என்று ஆள் இருக்காது. நோயோ கடனோ மதுவோ அந்த இடத்தில் இருக்கும்.

மூன்று, நான்காம் வசனங்கள் கேட்கின்றன: நோக்கிப் பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். நீளமான கோரிக்கை இல்லை. என்னைப் பாரும் என்பதுதான் சாரம்.

அப்புறம் ஐந்தாம் வசனம். "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை. நோய் குணமானதாகவோ எதிரி ஓடியதாகவோ ஒரு வரி இல்லை. நடுவில் எவ்வளவு நேரம் போனது என்றும் இல்லை. ஒரு மூச்சாக இருக்கலாம், ஒரு வருஷமாகவும் இருக்கலாம். உங்களால் நான்காம் வசனத்தைத் தாண்ட முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். நாளைக்கு மறுபடி முதலிலிருந்து வாசிக்கலாம். நான் ஐந்தாம் வசனத்தை வாய்விட்டு வாசிக்கப் பல வாரம் ஆனது. அப்போதும் அது உண்மையாகப்பட்டதால் வாசிக்கவில்லை. யாரோ ஒருவர் என்னைவிட மோசமான நிலையில் நின்று இதைச் சொல்லியிருக்கிறார் என்பதற்காக வாசித்தேன்.

உங்கள் சொந்தச் சங்கீதம்

சில நாள் பழகியதும் ஒரு பழைய நோட்டை எடுத்து, அதே அச்சில் நீங்களே எழுதிப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுதல், முறையீடு, கோரிக்கை, வந்தால் ஒரு நம்பிக்கை வரி. இலக்கியத் தமிழ் வேண்டாம். வீட்டில் பேசுகிற பேச்சு போதும். என் நோட்டில் ஒரு நாள் எழுதியது இவ்வளவுதான்: "ஆண்டவரே, இன்றைக்கும் மருந்துக் கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்டார். எதுவரைக்கும் தலை குனிந்து நிற்பது? டாக்டர் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேன் என்கிறார். நீராவது பாரும்."

"பாரத்தை நீக்கும்" என்று பொதுவாக எழுதினால் மனம் அசையாது. மருந்துக் கடைப் பாக்கி என்று எழுதினால் அசையும். கோபம் வந்தால் கோபத்தையும் எழுதுங்கள். கடவுள்மேல் கோபப்படலாமா என்று புதியவர்கள் பயந்து பயந்து கேட்பார்கள். யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். எல்லாவற்றையும் இழந்து, ஏறக்குறைய 20 அதிகாரம் கத்தித் தீர்த்த யோபுவைப் பற்றி, என்னைக் குறித்துச் சரியாகப் பேசினான் என்கிறார் கடவுள். கடவுளுக்கு வக்கீல் வேலை பார்த்த நண்பர்கள்மேல்தான் அவருக்குக் கோபம்.

ராத்திரிக்கு

துன்பத்தில் பகலைவிட இரவுதான் நீளம். படுக்கும்போது சங்கீதம் 4இன் கடைசி வசனம் ஒன்றே போதும்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்." தூக்கம் வராமல் புரண்டால் 130. விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைவிட அதிகமாய் என் ஆத்துமா காத்திருக்கிறது என்று அதில் வருகிறது. ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்க ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனைப் பார்த்திருப்பீர்கள். அவர் விடியலை வரவைக்க ஒன்றும் செய்வதில்லை. வரும் என்று தெரிந்து உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

23ஆம் சங்கீதத்தை எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரியும், அதனாலேயே ஒன்று கண்ணில் படாமல் போகிறது. புல்லுள்ள இடங்கள், அமர்ந்த தண்ணீர் என்று போகும்வரை "அவர் என்னை மேய்த்து", "அவர் என் ஆத்துமாவைத் தேற்றி" என்று கடவுளை மூன்றாம் ஆளாகப் பேசுகிறது. மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று நேராக அவரிடமே திரும்பிவிடுகிறது. பசும்புல்லில் அவரைப் பற்றிப் பேசியவன் இருட்டில் அவரோடு பேசுகிறான். விளக்கை அணைத்துவிட்டு அந்த நான்காம் வசனத்தை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

ஒன்றுமே வராத நாள்

அப்படியும் நாட்கள் உண்டு. அதற்கென்றே 88ஆம் சங்கீதம் இருக்கிறது. மற்ற முறையீடுகளில் பெரும்பாலானவை எப்படியாவது ஒரு நம்பிக்கை வரியில் போய் முடியும், இது முடியாது. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக்கினீர் என்று புலம்பி அப்படியே நின்றுவிடுகிறது. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல் "இருள்". புதியவர்களுக்கு இதைக் கொடுக்கலாமா என்று எனக்கே தயக்கம் இருந்தது. ஆனால் இப்படி ஒரு பாட்டும் வேதத்தில் இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. எல்லா ஜெபத்தையும் வெளிச்சத்தில் முடிக்க வேண்டும் என்ற பாரம் இறங்கியது.

சிலுவையில் இயேசு சொன்னதும் ஒரு முறையீட்டுச் சங்கீதத்தின் முதல் வரிதான். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்ற 22ஆம் சங்கீதம். வலியின் உச்சத்தில் அவரும் சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய பாட்டைத்தான் எடுத்தார். கிறிஸ்தவ நம்பிக்கையில் ஆறுதலின் மையம் என்று ஒன்று இருந்தால் அது இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம். கைவிடப்பட்டதாக உணர்கிற இடத்தில் நமக்கு முன்னால் அவர் நின்றிருக்கிறார்.

வாசிக்கவே முடியவில்லையா? பெருமூச்சு விடுங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. உட்கார முடியாமல் கால் பரபரத்தால், பக்கத்தில் கத்தோலிக்க ஆலயம் இருந்தால் போய், சுவரில் இருக்கும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்துவிட்டு வாருங்கள். வார்த்தை தேவையில்லை. நான் சிஎஸ்ஐ என்கிற புராட்டஸ்டன்ட் சபை ஆள், நான் போயிருக்கிறேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இன்னொரு வழி, பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவது. இது அகஸ்டின் செய்தது. கி.பி. 430இல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரை வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் முற்றுகையிட்டிருந்த நேரம், அங்கே ஆயராக இருந்த அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். மனந்திரும்புதலின் சங்கீதங்களைத் தாள்களில் எழுதிச் சுவரில் மாட்டச் சொல்லி, படுத்தபடியே அவற்றை வாசித்து அழுதுகொண்டிருந்தார் என்று அவரோடு வாழ்ந்த பொசிதியுஸ் எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய மேதைக்கும் கடைசியில் தேவைப்பட்டது கண்ணுக்கு நேரே நான்கைந்து தாள்.

வந்து பார்க்கிறவர்கள்

பொசிதியுஸ் இன்னொன்றும் சொல்கிறார். சாவதற்குச் சுமார் 10 நாள் முன்பிருந்து, வைத்தியர் வரும்போதும் சாப்பாடு கொண்டுவரும்போதும் தவிர வேறு யாரும் உள்ளே வர வேண்டாம் என்று அகஸ்டின் கேட்டுக்கொண்டாராம். நம் ஊரில் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஆனாலும் சொல்லலாம். "இன்னைக்கு அம்மா தூங்கணும் அண்ணாச்சி, நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்று வாசலிலேயே சொல்ல ஒரு ஆளை நியமியுங்கள். அந்த வேலை நோயாளிக்கு மிக நெருக்கமானவரிடம் இருக்கக் கூடாது.

எங்களைப் பார்க்க வந்த ஒருவர் முக்கால் மணி நேரம் ஜெபித்தார். நடுவில், குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது என்று ஆவியானவர் உணர்த்துவதாகச் சொன்னார். அம்மா அன்று ராத்திரி முழுக்கத் தன் வாழ்க்கையைத் தோண்டிக்கொண்டிருந்தாள். உங்களிடமும் யாராவது இப்படிச் சொன்னால் யோவான் 9ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இவன் செய்ததுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்ததுமல்ல என்கிறார் இயேசு. சுகம் கிடைக்க இவ்வளவு காணிக்கை அனுப்புங்கள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லக்கூட வேண்டாம், போனை வைத்துவிடுங்கள்.

அதே வாரத்தில் பக்கத்துத் தெரு சித்தி ஒருத்தி தினமும் காலையில் தூக்குவாளியில் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மா பக்கத்தில் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவாள். வசனம் ஒன்றும் சொல்ல மாட்டாள். யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் ராப்பகலாக ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

சபையிடம் உதவி கேட்க வெட்கப்படாதீர்கள். ஆனால் குறிப்பாகக் கேளுங்கள். "ஜெபிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி துணைக்கு ஒரு ஆள் வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும் என்று சொன்னால் ஆள் கிடைக்கும். ஆராதனையில் ஜெபக்குறிப்பு வாசிக்கும்போது என்ன நோய், எந்த வார்டு என்று எல்லாம் வெளியே வர வேண்டாம் என்றால் சபை ஐயரிடம் (போதகரிடம்) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "ஒரு குடும்பத்துக்காக" என்று வாசித்தாலே போதும்.

அழுகை

மரணம் நடந்த வீட்டில் "விசுவாசி அழக் கூடாது" என்று அதட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 1 தெசலோனிக்கேயர் 4:13ஐ ஆதாரமாகக் காட்டுவார்கள். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் அங்கே இருக்கிறது. துக்கிக்கவே வேண்டாம் என்று இல்லை. இறந்துபோன நண்பன் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

எங்கள் ஆச்சிகள் ஒப்பாரி வைப்பார்கள். செத்தவரையே கூப்பிட்டு, என்னை இப்படி விட்டுட்டுப் போனீரே என்று கேள்வி கேட்கிற பாட்டு. கிறிஸ்தவரானதும் அது கூடாது என்று பல ஊர்களில் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் புலம்பல் என்று ஒரு முழுப் புத்தகமே கையில் இருந்தது. எருசலேம் பாபிலோனியர் கையில் அழிந்தபோது பிறந்த ஐந்து பாட்டுகள். அவற்றில் முதல் நான்கும் எபிரெய அகரவரிசையின் 22 எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு போகின்றன. அகரத்திலிருந்து கடைசி எழுத்துவரை அழுது தீர்ப்பது. நம் எழுத்துகளில் செய்து பாருங்கள். அ-வுக்கு ஒரு வரி, ஆ-வுக்கு ஒரு வரி. ஒரு நாளைக்கு ஒரு எழுத்து என்றால், ஔ வரும்போது 12 நாள் போயிருக்கும்.

அப்பாவை அடக்கம் பண்ணி எட்டு மாதம் கழித்துத்தான் அம்மாவிடம் அந்தத் தேதிகளைக் கேட்டேன். ஒன்று அவள் அண்ணன் இறந்த நாள். ஒன்று எனக்கு முந்திப் பிறந்து தங்காமல் போன பிள்ளை. மூன்றாவது அப்பாவுக்கு வேலை போன நாள். நான்காவது என்னவென்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. "என்னமோ பெருசாத்தான் இருந்திருக்கும், இல்லாட்டி எழுதியிருப்பேனா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நீங்களும் வாசிக்கிற நாளின் தேதியைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். பென்சிலால்.